மிக்கேல் இழுத்த மூச்சு

செய்தி வந்தபோது நான் வேம்பாரிலிருந்து தூத்துக்குடி வரும் பேருந்தில் இருந்தேன். பக்கத்து இருக்கையில் மிக்கேலின் மகள் பிலோமி, அவள் மடியில் பிறந்து ஒரு மாதம் நிறையாத பிள்ளை. அப்பாவைப் பார்த்தே ஆகவேண்டும் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றதால் அழைத்துவரப் போயிருந்தேன். உப்பளங்களைத் தாண்டும்போது கைப்பேசி அடித்தது. பேசியது என் தங்கை ரீத்தம்மாள், மிக்கேலின் மனைவி. "முடிஞ்சிட்டுண்ணே. புள்ளகிட்ட இப்பச் சொல்லாத, பச்ச ஒடம்புக்காரி" என்றாள். சரி என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தேன். அப்பா எப்படி இருக்கிறார் என்று பிலோமி கேட்டாள். தூங்குகிறான் என்றேன். அவள் பிள்ளையின் முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் சொன்னது பொய் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பொய்யை வைத்துக்கொண்டே இரண்டு பேரும் வீடிருக்கும் திரேஸ்புரம் வந்து சேர்ந்தோம்.

சங்கு குளிப்பவர்களுக்கான நம் சங்கத்தின் மலரில் மிக்கேலைப் பற்றி எழுதித் தரவேண்டும் என்று கேட்டார்கள். இறந்தவரை 'அவர்' என்று எழுதுவதுதான் முறை என்றும் சொன்னார்கள். எனக்கு அது வரவில்லை. என் தங்கையைக் கட்டுவதற்கு முன்பிருந்தே அவன் எனக்கு அவன்தான். இதைப் படிக்கும் உங்களில் பாதிப் பேர் அவனோடு கடலுக்குப் போனவர்கள், மீதிப் பேர் அவனிடம் திட்டு வாங்கியவர்கள். ஆகவே அவன் நல்லவன், வல்லவன் என்றெல்லாம் நான் எழுதவேண்டியதில்லை. நான் எழுத வந்தது வேறு. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு மூச்சை நிறுத்திவிட்டார்கள், அதற்கு மச்சானே சம்மதம் சொன்னான் என்று கடற்கரையில் ஒரு பேச்சு ஓடுகிறது. அது என் காதுக்கும் வந்தது. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

வெளியூரில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளும் மலரைப் படிப்பார்கள் என்பதால் ஒரு வழக்கத்தை முதலில் சொல்ல வேண்டும். குளிக்க இறங்குகிறவனின் கயிற்றைப் படகில் இருந்து பிடிப்பவன் அவன் மனைவியின் உடன்பிறந்தவனாக இருக்கவேண்டும் என்பது இங்கே தொன்றுதொட்டு வரும் ஏற்பாடு. தங்கை தாலியை இழக்கும்படி எந்த அண்ணனும் கையைத் தளரவிட மாட்டான் என்ற நம்பிக்கைதான். இப்போது படகில் இயந்திரம் ஓடுகிறது, குழாய் வழியாகக் காற்று இறங்குகிறது. ஆனாலும் குழாயோடு ஒரு கயிறும் இறங்குகிறது, மேலே ஒரு மச்சான் உட்கார்ந்திருக்கிறான். கீழேயிருந்து கயிற்றில் ஒரு சுண்டு, அதாவது வெடுக்கென்று ஓர் இழுப்பு, வந்தால் நன்றாக இருக்கிறேன் என்று பொருள். இரண்டு சுண்டு வந்தால் மேலே தூக்கு. மேலே இருப்பவன் பதிலுக்கு ஒரு சுண்டு கொடுத்து, தூக்குகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் இழுக்கத் தொடங்கவேண்டும். இருட்டுத் தண்ணீரில் கிடப்பவனுக்கு அந்த ஒரு சுண்டுதான் ஆறுதல்.

மிக்கேல் பெண் பார்க்க வந்த அன்று ரீத்தாவைப் பார்த்ததைவிட என் கைகளைத்தான் அதிகம் பார்த்தான் என்று எங்கள் வீட்டில் சொல்லிச் சிரிப்பார்கள். அவனும் மறுத்ததில்லை. "கயிறு புடிக்க நல்ல ஆளாத் தேடுனேன், பொண்ணு இனாமா வந்துது" என்று ரீத்தாவின் காதுபடவே சொல்வான். அவள் கையில் இருக்கும் அகப்பையை ஓங்குவாள். அவன் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுகொள்வான். கல்யாணமான புதிதில் நடந்த இந்தக் கூத்து பிலோமியின் கல்யாணத்துக்குப் பிறகும் நடந்தது.

அவனுக்குக் கோபம் வரும், பேச்சில் முரட்டுத்தனம் உண்டு, சீட்டாட்டத்தில் தோற்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான். ஆனால் தண்ணீருக்குள் வேறு ஆள். ஒரு தடவை அவன் கீழே இருக்கும்போது இயந்திரம் நின்றுவிட்டது. படகில் நாங்கள் ஆளாளுக்குக் கத்திக்கொண்டு ஓடினோம். கயிற்றில் இரண்டு சுண்டு வந்தது, கடைக்குப் போய்ச் சாமான் கேட்பதுபோல அவ்வளவு சாவகாசமாக. பதில் கொடுத்து இழுத்தேன். மேலே வந்து படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டவன் வாயைப் பிளந்து காற்றை வாங்கவில்லை. மூக்கால் மெதுவாக இழுத்து மெதுவாக விட்டான். பிறகு, "டீசல் ஊத்த மறந்துட்டியளோ?" என்று கேட்டான். அப்படி எப்படி இருக்க முடிகிறது என்று நான் பின்னால் கேட்டபோது, "அவசரப்பட்டா எவ்வளவு காத்து இருந்தாலும் பத்தாது மச்சான். அவசரப்படலன்னா இருக்கதே போதும்" என்றான். அதை அவன் பலரிடம் சொல்லியிருக்கிறான். உங்களிடமும் சொல்லியிருப்பான்.

இன்னாசியை அவன் காப்பாற்றியதையும் இங்கே சொல்லவேண்டும், ஏனென்றால் பின்னால் நடந்ததற்கு அதுதான் வேர். இன்னாசி எங்கள் படகில் இன்னொரு குளியாளி. வாயில் கடித்திருந்த குழாய் கீழே கழன்றுபோய், திணறி மேலே வந்தவன் விளிம்பில் கை வைத்ததும் மயங்கிவிட்டான். உதடு கறுத்துவிட்டது. நாங்கள் அவனைப் படகுக்குள் தூக்கிப் போட்டுவிட்டு என்ன செய்வது என்று தெரியாமல் நின்றோம். மிக்கேல்தான் அவன் மேல் உட்கார்ந்து தாடையைப் பிடித்துத் தூக்கி, "இழுலே, இழு, நல்லா இழு" என்று காதுக்குள் கத்தினான். ஒரு பெரிய மூச்சை இழுத்துக்கொண்டு இன்னாசி கண்ணைத் திறந்தான். அன்றிலிருந்து எங்கள் படகில் அது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. யார் தண்ணீருக்கு மேலே தலையைத் தூக்கினாலும், நன்றாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், எல்லோருமாகச் சேர்ந்து "இழு, இழு" என்போம். பாதி விளையாட்டு, பாதி வேண்டுதல்.

இந்த மழைக்காலத்தில் மிக்கேலுக்குக் காய்ச்சல் வந்தது. ஊர் முழுக்க இருந்த காய்ச்சல்தான், எல்லோருக்கும் வந்து போனது. அவனுக்குப் போகவில்லை. ஒருநாள் என் வீட்டுக்கு வந்தவன் வாசல்படி ஏறியதும் நின்று, கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான். இயந்திரம் நின்றபோதுகூட வாயைத் திறக்காதவன் வாயைத் திறந்து மூச்சு வாங்குவதைப் பார்த்ததும் அவனை நான் உள்ளே உட்காரச் சொல்லவில்லை. அப்படியே ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நிமோனியா முற்றி இரண்டு நுரையீரலும் வீங்கி நீர் ஊறியிருக்கிறது என்றார்கள். ஐசியூவில் சேர்த்து, மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் முகமூடியை இறுக்கிக் கட்டி, இயந்திரத்திலிருந்து காற்று கொடுத்தார்கள்.

பார்வை நேரத்தில் ஒவ்வொருவராக உள்ளே விட்டார்கள். இன்னாசி போனான். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மிக்கேலின் தாடையைத் தொட்டு, படகில் சொல்வதுபோலவே, "இழுலே. நல்லா இழு. ஒன் மூச்சுக்கு இதெல்லாம் ஒரு காரியமா?" என்றான். மிக்கேல் இழுத்தான். கழுத்தின் இரண்டு பக்கமும் தசை புடைத்து எழுந்தது, கழுத்துக்குழி உள்ளே போனது, விலாக்களுக்கு நடுவே பள்ளம் விழுந்தது. அதைப் பார்க்க எங்களுக்குத் தெம்பாக இருந்தது. ஆள் விடாமல் போராடுகிறான், பிழைத்துக்கொள்வான் என்று நினைத்தோம். அன்று உள்ளே போன எல்லோரும் அதையே சொன்னார்கள். ரீத்தாவும் சொன்னாள், நானும் சொன்னேன்.

அங்கே பணியில் இருந்தவர் ஒரு பெண் மருத்துவர், கயத்தாற்றுக்காரர். பேச்சில் நம் பக்கத்து வாடை இருந்ததால் ரீத்தாவுக்கு அவரிடம் பேசக் கூச்சமில்லை. அவர் எங்களை வெளியே அழைத்து உட்காரவைத்தார். "ஒங்க ஆளு நல்ல பலசாலி. இப்ப அதுதாம்மா பிரச்சினை" என்றார். நாங்கள் விழித்தோம். அவர் பொறுமையாக விளக்கினார். நுரையீரலில் பெரும்பகுதி நீர் கோத்துக் கெட்டியாகிவிட்டது, கொஞ்ச இடம்தான் நன்றாக இருக்கிறது. இவர் மூச்சுமுட்டி அவ்வளவு பலமாக இழுக்கும்போது அந்த இழுப்பே நுரையீரலைக் காயப்படுத்துகிறது. நல்ல இடம் தாங்குகிற அளவுக்கு மேல் விரிந்து புண்ணாகிறது, நீர் இன்னும் ஊறுகிறது. நீர் ஊற ஊற மூச்சு இன்னும் முட்டுகிறது, அதனால் இன்னும் பலமாக இழுக்கிறார். தயவுசெய்து யாரும் அவரை இழுக்கச் சொல்லாதீர்கள் என்றார். இற்றுப்போன வலையைப் பலங்கொண்டவன் இழுத்தால் என்ன ஆகும் என்பது கடற்கரையில் பிறந்தவனுக்குத் தெரியும். எனக்குப் புரிந்துவிட்டது. புரியாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

கீழே மரத்தடியில் நம் ஆட்கள் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். போய்ச் சொன்னேன். இனி உள்ளே போகிறவர்கள் அவனை இழுக்கச் சொல்லக்கூடாது, அமைதியாக இருக்கச் சொல்லுங்கள் என்றேன். யாரும் நம்பவில்லை. "மூச்சு இழுத்தா ஆள் செத்துருவான்னு சொல்லுத டாக்டர இப்பத்தாம்லே கேள்விப்படுதேன்" என்றான் இன்னாசி. அவன் குரல் எழும்பியது. மூச்சை இழுக்கச் சொல்லித்தானே மிக்கேல் தன்னைப் பிழைக்கவைத்தான், தான் மட்டும் அவனைப் பார்த்து இழுக்காதே என்று எப்படிச் சொல்வது என்று கேட்டான். தண்ணீரில் மூழ்கியவனுக்கும் இவனுக்கும் வித்தியாசம் உண்டு என்று சொல்லிப் பார்த்தேன். அவன் எழுந்து போய்விட்டான்.

சரி, மிக்கேலிடமே சொல்வோம் என்று உள்ளே போனேன். உலகத்தில் யாரால் முடியாவிட்டாலும் அவனால் முடியும் என்ற நம்பிக்கை எனக்கு இருந்தது. அவன் பக்கத்தில் குனிந்து, மெதுவாக இழு, கொஞ்சமாக இழு, இயந்திரம் கொடுப்பது போதும் என்றேன். அவசரப்படாவிட்டால் இருப்பதே போதும் என்று அவன் சொன்னதையே அவனிடம் திருப்பிச் சொன்னேன். தலையை ஆட்டினான். கண்ணை மூடிக்கொண்டான். ஒரு மூச்சு சின்னதாக வந்தது, அடுத்ததும் சின்னதாக வந்தது. பிறகு உடம்பே ஒரு தூக்குத் தூக்கி, முன்னைவிடப் பெரிதாக ஒன்றை இழுத்தது. அவன் முகமூடியைக் கொஞ்சம் விலக்கினான். "முடியல மச்சான். நான் இழுக்கல. அதுவா இழுக்கு" என்றான். செவிலியர் ஓடிவந்து முகமூடியைச் சரிசெய்தார். எனக்கு உண்மையான பயம் அப்போதுதான் வந்தது.

மருத்துவரிடம் போய்ச் சொன்னேன். அது மனத்திடத்தில் இல்லை என்றார். மூளை காற்றுக் கேட்டுக்கொண்டே இருக்கும், மனிதன் நினைத்து அதை நிறுத்த முடியாது. குப்புறப் படுக்கவைத்துப் பார்த்தார்கள், பதற்றம் குறைய லேசாக மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். கழுத்துக்குழி உள்ளே போவது நிற்கவில்லை. கடைசியாக எங்கள் இருவரையும் கூப்பிட்டார்கள். தொண்டைக்குள் குழாய் இறக்கி, ஆழ்ந்து தூங்கவைத்து, அவனாக மூச்சு இழுக்கவே முடியாதபடி தசைகளைத் தளர்த்தும் மருந்தையும் கொடுக்கவேண்டும் என்றார் மருத்துவர். ரீத்தா அவரையே பார்த்தாள். "மூச்ச நிறுத்துததுக்கா எங்கிட்டக் கேக்கீய?" என்றாள். மருத்துவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "அவர் இழுக்குததத்தாம்மா நிறுத்துதோம். இயந்திரம் கொஞ்சங் கொஞ்சமாக் குடுக்கும். புண்ணு ஆற நேரம் கெடைக்கும். ஆறிரும்னு என்னால வாக்குக் குடுக்க முடியாது" என்றார்.

குளியாளியின் மனைவி அவள். காலையில் படகு போனதிலிருந்து திரும்பும்வரை புருஷன் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறான் என்ற ஒரே நினைப்பில் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவள். அவளிடம் அந்த மூச்சை நிறுத்தட்டுமா என்று கேட்கிறார்கள். அவள் என் பக்கம் திரும்பினாள். "நீதான கயிறு புடிச்ச. நீ சொல்லுண்ணே" என்றாள். என்னைவிட்டால் அவளுக்குக் கேட்க ஆள் இல்லை, எனக்கோ கேட்க யாருமே இல்லை. அவனாக இழுக்க விட்டால் அவன் மூச்சே அவனைக் கொல்கிறது, நிறுத்தினால் பிறகு எழுப்ப முடியுமா என்று யாருக்கும் தெரியவில்லை. செய்யுங்கள் என்றேன். கடற்கரையில் பேசுகிறவர்கள் சரியாகத்தான் பேசுகிறார்கள். சம்மதம் சொன்னது நான்தான்.

மருந்து கொடுப்பதற்கு முன் ஒரு நிமிடம் என்னை உள்ளே விட்டார்கள். நடக்கப்போவதை அவனிடம் மருத்துவர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். பேச அவனுக்கு மூச்சில்லை. கையை நீட்டினான். கொடுத்தேன். என் ஆள்காட்டி விரலைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான். பிறகு விரலை இழுத்தான். ஒன்று, கொஞ்சம் இடைவெளி, இன்னொன்று. எத்தனையோ வருடமாக என் உள்ளங்கைக்குப் பழகிய அதே சுண்டுதான், ஆனால் அந்தச் சாவகாசம் அதில் இல்லை. நான் என்ன செய்ய முடியும்? அவன் விரலை ஒரு தடவை சுண்டினேன். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

அதன் பிறகு அவன் மார்பு மெதுவாக, அளவாக ஏறி இறங்கியது. கழுத்துத் தசைகள் அடங்கிவிட்டன. ரீத்தா கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, இப்போதுதான் அவரைப் பார்த்த மாதிரி இருக்கிறது என்றாள். எனக்கும் அப்படித்தான் பட்டது. தண்ணீருக்குள் அவன் அப்படித்தான் மூச்சு விடுவான். கொஞ்சம் தேறியது என்று மருத்துவர் சொன்னபோது இன்னாசிகூட வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். பிறகு மருந்தைக் குறைத்துப் பார்த்தார்கள். விழிப்பு வருவதற்கு முன்பே அந்த இழுப்பு வந்துவிட்டது. இயந்திரம் ஒரு பக்கம் காற்று கொடுக்க, அவன் ஒரு பக்கம் இழுக்க, கட்டில் ஆடியது. மறுபடி தூங்கவைத்தார்கள். அதற்குப் பிறகு தேறவில்லை. சிறுநீரகம் மந்தமாகிவிட்டது, ரத்தத்தில் கிருமி கலந்துவிட்டது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். குழாயை முன்னமே இறக்கியிருந்தால் பிழைத்திருப்பானா என்று கேட்டேன். தெரியாது என்றார் மருத்துவர். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. அவர்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. யார்மேலாவது வருத்தம் இருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவ்வளவு நாளும் ஆஸ்பத்திரியிலேயே கிடந்தேன். பிலோமியைக் கூட்டிவர ஒரு பொழுது நகர்ந்தேன், அந்தப் பொழுதில் போய்விட்டான். இருந்தாலும் என்ன செய்திருப்பேன் என்று கேட்டுக்கொள்கிறேன். கண்ணாடிக்கு வெளியே நின்றிருப்பேன்.

அடக்கத்துக்கு யார் யார் வந்தீர்கள் என்று உங்களுக்கே தெரியும். கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டு எல்லோரும் கலைந்த பிறகு இன்னாசி மட்டும் நின்றான். "நான் இழுக்கச் சொன்னதுனாலயாலே?" என்று கேட்டான். இல்லை என்றேன். எல்லோரும்தான் சொன்னோம், யாரும் சொல்லாவிட்டாலும் இழுத்திருப்பான், அவனாலேயே நிறுத்த முடியவில்லை என்றேன். அவன் தலையை ஆட்டினான். நம்பியதாகத் தெரியவில்லை. இருவரும் சேர்ந்து நடந்தே வீட்டுக்கு வந்தோம்.

படகு மறுபடி போகிறது. இன்னாசிக்கு மச்சான் கிடையாது, கயிற்றை இப்போது நான்தான் பிடிக்கிறேன். ஆள் மேலே வரும்போது படகில் யாரும் "இழு" என்று சொல்வதில்லை. சொல்லக்கூடாது என்று யாரும் பேசி முடிவு செய்யவில்லை, வாய் வரவில்லை, அவ்வளவுதான். தலை தெரிந்ததும் எல்லோரும் அவன் கழுத்துக்குழியைப் பார்க்கிறோம்.

மிக்கேல் குளிக்கும்போது மாட்டும் முகக்கண்ணாடியும் சங்கு போடும் வலைப்பையும் ரீத்தாவிடம் இருக்கின்றன. அவனுடைய கோபத்தைப் பிலோமி எடுத்துக்கொண்டுவிட்டாள். என்னிடம் இருப்பது இந்த ஆள்காட்டி விரலில் அவன் கொடுத்த இரண்டு சுண்டுதான். மேலே தூக்கு என்று கேட்டான். தூக்குகிறேன் என்று பதில் கொடுத்தேன். கயிறு பிடிக்க உட்கார்ந்த நாளிலிருந்து, பதில் கொடுத்த பிறகு ஆளை மேலே கொண்டுவராமல் விட்டது அந்த ஒரு தடவைதான்.